மூன்றாவது பெட்டியையும் மேசைமேல் வையுங்கள்: சோக்டா வேர் தேடும் எங்கள் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

பெரிய மாமாவுக்கும், அத்தைமார் இருவருக்கும், நாத்தனார் கொழுந்தனார்களுக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும்,

உங்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக உங்கள் வீட்டு மருமகள். ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, மரியாதைதான் வருகிறது. இந்த விஷயத்துக்கு அது போதாது. செப்டம்பர் முதல் வாரம் ஹ்யூகோவில் கூடும்போது என் மகள் இதை வாசித்து உங்களுக்குச் சொல்வாள். அதற்கு முன்னால் தமிழ் படிக்கத் தெரிந்த நாலு பேர் படித்துவிட்டால் நல்லதுதான், அப்புறம் நான் பின்வாங்க முடியாது.

அந்த நாலு பேருக்காகக் கொஞ்சம் முன்கதை. ஹ்யூகோ என்பது ஓக்லஹோமா மாநிலத்தின் தென்கிழக்கில், ரெட் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் சின்ன ஊர். சர்க்கஸ் கம்பெனிகள் குளிர்காலத்தில் வந்து தங்கும் ஊர் என்பதால் அங்கே கல்லறைத் தோட்டத்தில்கூட யானை செதுக்கிய கல் நிற்கும். என் மாமனார் வழியில் இவர்கள் சோக்டா பூர்வகுடிகள். சோக்டாக்களின் சொந்த மண் மிசிசிப்பி. 1830 செப்டம்பரில் டான்சிங் ராபிட் கிரீக் என்ற இடத்தில் போட்ட ஒப்பந்தத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஏக்கர் நிலம் கைவிட்டுப் போனது. 1831லிருந்து மூன்று குளிர்காலமாக மக்களை மேற்கே ஓட்டினார்கள். வழியில் குளிரிலும் காலராவிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். மிச்சம் வந்து சேர்ந்த இடம்தான் இன்றைய ஓக்லஹோமா.

ஒவ்வொரு வருஷமும் தொழிலாளர் தின விடுமுறையில், ஞாயிற்றுக்கிழமை டஸ்கஹோமா என்ற பழைய சோக்டா தலைநகரில் நடக்கும் திருவிழாவுக்குப் போவதற்கு முதல் நாள், சின்ன அத்தை வீட்டில் நாம் கூடுகிறோம். சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் பெட்டிகள், மூன்று மடிக்கணினி, ஒரு ஸ்கேனர். நடுவில் பனாஹா. சோளமாவைச் சோளத் தோகையில் கட்டி வேகவைத்தது. முதல் வருஷம் அதைப் பிரித்தபோது இலைக் கொழுக்கட்டை ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கியது. உப்புப் பற்றவில்லை என்பது வேறு விஷயம். கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள் என்பதால் அட்டவணை போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தீர்கள். பதினோரு வருஷமாகப் போடுகிறேன். உங்கள் குடும்பத்தில் யார் எந்தக் கவுண்டியில் பிறந்தார், யார் பெயரை எந்தக் குமாஸ்தா எத்தனை விதமாக எழுதினார் என்பது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

முதல் பெட்டியில் மிசிசிப்பிக் காகிதங்கள். 1831இல் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அரசாங்க அதிகாரி எடுத்த கணக்கெடுப்பின் நகல் அதில் இருக்கிறது. எள்ளுத் தாத்தாவின் அப்பா பெயர், எத்தனை ஏக்கர் உழுதார், வீட்டில் எத்தனை உருப்படி, பத்து வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள். குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் எல்லாம் எண்கள். அதனால்தான் எள்ளுத் தாத்தாவின் அம்மா பெயர் நமக்குக் கிடைக்கவே இல்லை. அந்த வரியின் கடைசிப் பக்கமாக இன்னொரு எண் இருக்கிறது. அடிமைகள்: 2. பெரிய மாமா அந்த நகலை எடுத்துக் காட்டும்போது கட்டைவிரல் எப்போதும் சரியாக அந்த இடத்தில் இருக்கும். வேண்டுமென்று செய்வதாக நான் சொல்லவில்லை.

இரண்டாவது பெட்டிதான் எல்லோருக்கும் பிடித்தது. அமெரிக்க அரசு அமைத்த டாஸ் ஆணையத்தின் அட்டைகள். 1898லிருந்து 1907 மார்ச் வரை கூடாரம் போட்டு, மேசை போட்டு, வந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்து எழுதிய பட்டியல். பொதுவில் இருந்த நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வெள்ளைக்காரக் குடியேறிகளுக்குத் திறந்துவிடத்தான் அந்த வேலை. குடும்பத்துக்கு ஓர் அட்டை. பெயர், உறவு, வயது, ஆணா பெண்ணா, அப்புறம் 'ரத்தம்' என்று ஒரு பத்தி. அதில் முழு என்றோ, 1/2, 1/4 என்றோ எழுதுவார்கள். எதை வைத்து? கேட்டதை வைத்து, முகத்தைப் பார்த்து. நம் கொள்ளுப் பாட்டிக்கு 1/2 என்று போட்டிருக்கிறது. அவள் அப்பா, அதாவது எள்ளுத் தாத்தா, முழு சோக்டா. அம்மா ஆர்கன்சாவிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண். அட்டையின் கீழ்ப்பாதியில் அப்பா பெயர், பக்கத்தில் 'இறந்தார்' என்று ஒரு சொல்.

அந்தப் பின்னத்தை வைத்து எத்தனை சண்டை! மூத்த கொழுந்தனார் 1/16 என்கிறார். நாத்தனார், இல்லை, கொள்ளுப் பாட்டிக்கு 3/8 என்று போட்டிருக்க வேண்டும், குமாஸ்தா தப்பாக எழுதிவிட்டான் என்கிறாள். ஒருவர் எச்சில் துப்பி அனுப்பும் மரபணுச் சோதனை செய்து நாலு சதவீதம் என்று வட்டப்படம் கொண்டுவந்தார். எந்த வட்டப்படமும் சோக்டா என்று சொல்லாது, டாஸ் பட்டியலில் ஒரு பெயரைக் காட்டாது, அதை விடுங்கள். டுரான்ட் ஊரில் இருக்கும் சோக்டா நேஷனில், அதாவது சோக்டாக்களின் சொந்த அரசில், குடியுரிமைக்கு இவ்வளவு பின்னம் வேண்டும் என்ற கணக்கே இல்லை. ரத்த வழிப் பட்டியலில், அதாவது அந்த 'ரத்தம்' பத்தி உள்ள டாஸ் பட்டியலில், இருக்கும் ஒருவரின் நேர் வாரிசு என்று பிறப்பு இறப்புச் சான்றிதழ்களால் காட்டினால் போதும். மிசிசிப்பியிலேயே தங்கிவிட்டவர்களின் சோக்டா அமைப்புக்குத்தான் பாதி ரத்தம் வேண்டும். ஒரே மக்கள், மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு விதி, இந்தப் பக்கம் ஒரு விதி.

அந்தப் பின்னம் எதற்குப் பயன்பட்டது என்று நாம் பேசியதே இல்லை. 1908 மே மாதச் சட்டத்தைப் பாருங்கள். பாதிக்குக் குறைவான ரத்தம் என்று அட்டையில் இருந்தால் நிலத்தை விற்கத் தடை இல்லை. பாதியும் அதற்கு மேலும் இருந்தால் வீட்டு நிலத்தையாவது விற்க முடியாது. எந்த நிலத்தை எவ்வளவு சீக்கிரம் எழுதி வாங்கலாம் என்று தரகர்களுக்குச் சொல்லும் எண் அது. கொள்ளுப் பாட்டிக்கு 1/2 என்று விழுந்ததால்தான் வீட்டு நிலம் அன்று தப்பியது. குமாஸ்தா 3/8 என்று எழுதியிருந்தால், நாத்தனாரே, இன்று சின்ன அத்தை வீட்டில் உட்கார்ந்து நாம் சண்டை போட்டிருக்க மாட்டோம்.

சரி, மூன்றாவது பெட்டிக்கு வருகிறேன்.

அது மேசைக்கு வருவதே இல்லை. என் கார் டிக்கியில் வருகிறது, டிக்கியிலேயே திரும்பிப் போகிறது. அதில் இருப்பது ஃப்ரீட்மென், அதாவது அடிமைமுறையிலிருந்து விடுதலையானவர்களின், அட்டைகள். சோக்டாக்களில் வசதியானவர்கள் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் சட்டென்று கண்ணில் படாது. மேற்கே ஓட்டப்பட்டபோது அவர்களையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள். கண்ணீரின் பாதை என்று நாம் சொல்லும் அதே பாதையில் அவர்களும் நடந்தார்கள். ரெட் ஆற்றங்கரைப் பருத்தித் தோட்டக்காரர் ராபர்ட் ஜோன்ஸிடம் மட்டும் 200 பேருக்கு மேல் இருந்தார்கள். அவருடைய ரோஸ் ஹில் ஹ்யூகோவிலிருந்து கூப்பிடு தூரம். உள்நாட்டுப் போர் முடிந்து, 1866 ஒப்பந்தத்தில்தான் இங்கே அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையானவர்களைக் குடிமக்களாக ஏற்க இன்னும் ஏறக்குறைய இருபது வருஷம் இழுத்தடித்தார்கள். டாஸ் ஆணையம் வந்தபோது அவர்களுக்குத் தனி வரிசை, தனி அட்டை. சோக்டா ரத்த வழிக்காரருக்குச் சராசரித் தரத்தில் 320 ஏக்கர், இவர்களுக்கு 40. அந்த நாற்பதுக்கும் 1908 சட்டம் எந்தப் பாதுகாப்பும் வைக்கவில்லை.

அந்த அட்டையில் 'ரத்தம்' என்ற பத்தி இல்லை. அதற்குப் பதில் 'யாருடைய அடிமை' என்று ஒரு பத்தி. பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் அவர்களின் எஜமானர் பெயர்.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு ராத்திரி, டவ்சன் கவுண்டி அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயதுப் பெண் ஒருத்தியின் அட்டை. அம்மா பெயர், ஒற்றைப் பெயர். அம்மாவின் எஜமானர் பத்தியில் நம் எள்ளுத் தாத்தா. '-டபி' என்று முடியும், ஐந்து விதமாக எழுதப்பட்ட, நாம் பதினோரு வருஷமாகத் துரத்தும் அதே பெயர். கையை மேலே நகர்த்தினேன். அப்பா பெயர் பத்தியிலும் அதே பெயர். அப்பாவின் எஜமானர் என்ற இடத்தில் குமாஸ்தா என்ன எழுதுவது என்று தெரியாமல் 'சோக்டா' என்று மட்டும் போட்டிருந்தான்.

ஒரே கையெழுத்து, ஒரே மை. இரண்டு கட்டத்தில் ஒரே ஆள்.

உங்களுக்கு அன்றே போன் செய்தேன். யாரும் மறுக்கவில்லை. 'சுவாரசியமாக இருக்கிறதே' என்றீர்கள். உங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இருபத்திரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டேன். அப்புறம் நானே அந்தப் பெண்ணின் வாரிசுகளைத் தேடினேன். ஓய்வுபெற்ற பள்ளி பஸ் டிரைவர் ஒருவர் கிடைத்தார், எழுபதைத் தாண்டிய பெண்மணி. உங்கள் கணக்கில் அரை மூன்றாம் கசின். எனக்கு அந்தச் சொல் வாயில் ஒட்டாது. எங்கள் ஊரில் இப்படி எண்ண மாட்டார்கள். இரண்டு பெண்கள் ஓர் அப்பாவுக்குப் பிறந்தால் அவர்கள் அக்கா தங்கை. அவர்கள் பிள்ளைகளும் அண்ணன் தங்கைதான். அதே மாதிரி இறங்கி வந்தால் அந்த அம்மாள் என் கணவருக்கு அக்கா முறை, எனக்கு நாத்தனார். முறை தெரிந்துவிட்டால் பிறகு சாப்பிடக் கூப்பிடாமல் இருக்க முடியாது. கூப்பிட்டேன்.

போன செப்டம்பரில் அந்த அக்கா வந்தார். நீல அட்டை போட்ட கோப்பு ஒன்று, சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த 'பை' என்ற பலகாரம் ஒன்று. பலகாரத்தைச் சாப்பிட்டீர்கள். கோப்பு சோபாவின் ஓரத்தில் அவர் கைப்பைக்குக் கீழே மாலை வரை இருந்தது. ஒருவர்கூட, என்ன கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நாலு மணிக்கு, பாதையில் இருட்டிவிடும் என்று எழுந்து போனார். செப்டம்பரில் நாலு மணிக்கு எங்கே இருட்டுகிறது?

இந்த வருஷம் அச்சுக்கு அனுப்ப வம்சாவளிப் படத்தை நாத்தனார் அனுப்பினாள். ஆறு அடி நீளம், அழகாக இருக்கிறது. எள்ளுத் தாத்தாவுக்குக் கீழே ஒரே ஒரு கிளை. கேட்டதற்கு, 'இது ரத்த வழிப் படம்' என்று பதில் வந்தது.

அதனால்தான் இந்த மடல்.

பெரிய மாமா சொல்லும் காரணங்கள் தெரியும். கல்யாணச் சான்று இல்லை என்கிறீர்கள். அடிமைக்கு யார் கல்யாணம் செய்து வைப்பார்கள், சான்று தருவதற்கு? அதோடு, நம் பாட்டியின் பிறப்புச் சான்றிதழை நான்தான் ஸ்கேன் செய்தேன். 1942இல், அவர் பிறந்து முப்பத்தைந்து வருஷம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரர் சத்தியம் செய்து வாங்கியது. அதை வைத்துத்தான் உங்கள் எல்லோருக்கும் குடியுரிமை அட்டை கிடைத்தது. ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் சத்தியம் செல்லும், ஒரு மகள் ஆணையத்தின் முன்னால் நின்று 'என் அப்பா இவர்' என்று சொன்னது செல்லாதா? பெயர் ஒற்றுமையாக இருக்கலாம் என்கிறீர்கள். அந்த எச்சில் சோதனையில் மாமா பெயருக்கு நேரே, தூரத்து உறவு என்று யாருடைய பெயர் வந்திருக்கிறது என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். வட்டப்படத்துக்கு உதவாத அந்தச் சோதனை இதற்கு உதவும்.

பிள்ளை அம்மாவைச் சேர்ந்தது, அதுதான் சோக்டா வழக்கம் என்று ஒருவர் சொன்னார். உண்மைதான். இக்சா என்ற குலம் அம்மா வழியில்தான் வரும். பிள்ளையைக் கண்டித்து வளர்ப்பதும் அம்மாவின் அண்ணன் தம்பிதான். அமோஷி என்ற சொல்லுக்குத் தாய்மாமன் என்று அர்த்தம் சொன்னபோது, இதை எனக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை என்று சிரித்தேன். ஆனால் அந்த வழக்கப்படி பார்த்தால் வெள்ளைக்காரி பெற்ற நம் கொள்ளுப் பாட்டிக்கும் இக்சா கிடையாதே! வெள்ளை அம்மா என்றால் அப்பாவைப் பார்த்து ரத்த வழிப் பட்டியல், கறுப்பு அம்மா என்றால் அம்மாவைப் பார்த்து ஃப்ரீட்மென் பட்டியல். இதில் சோக்டா வழக்கம் எங்கே இருக்கிறது? அன்றே இதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். 1907இல் பெட்டி லைகன் என்ற பெண்ணை முதல் பெயராக வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், எங்களை ரத்த வழிப் பட்டியலுக்கு மாற்றுங்கள் என்று வழக்குப் போட்டார்கள். அவருடைய அப்பா பூர்வகுடிக்காரர், ராபர்ட் லவ். வழக்கு நிற்கவில்லை.

என் மகளுக்குச் சோக்டா குடியுரிமை அட்டை இருக்கிறது. திருச்சிப் பக்கத்துப் பெண் பெற்ற பிள்ளை. கணக்குப் போட்டால் 1/32. கோலம் போடத் தெரியும், சோக்டாவில் 'ஹலிடோ' சொல்லவும் தெரியும், இரண்டிலும் அவளுக்குப் பெருமைதான், எனக்கும்தான். அந்த அக்காவுக்குக் கணக்குப் போட்டால் 1/16. பின்னத்தை நம்புகிறவர்கள் பின்னத்தையாவது ஒழுங்காக நம்ப வேண்டாமா? 1983 அரசியல் சாசனம் ரத்த வழிப் பட்டியல் வாரிசுகளை மட்டுமே ஏற்கிறது, அதனால் அவருக்கு அட்டை இல்லை. 2021 மே மாதம் தலைவர் கேரி பேட்டன், ஃப்ரீட்மென் வாரிசுகளின் குடியுரிமை பற்றிப் பேசத் தொடங்கலாம் என்று மக்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அந்தப் பேச்சு அவர்களுடையது, அந்த நேஷன் தீர்மானிக்க வேண்டியது. வெளியிலிருந்து வந்த மருமகள் அதில் மூக்கை நுழைக்கப் போவதில்லை. டுரான்ட்டில் ஓட்டுப் போடச் சொல்லி உங்களை நான் கேட்கவில்லை. ஆறு அடிக் காகிதத்தில் ஒரு கோடு கேட்கிறேன். அதற்கு எந்தச் சாசனமும் தடை இல்லை.

ஒவ்வொரு வருஷமும் சாப்பாட்டுக்கு முன்னால் பெரிய மாமா அயர்லாந்துக் கதை சொல்வார். 1847இல், தாங்களே வீடிழந்து பதினாறு வருஷம்கூட ஆகாத சோக்டாக்கள், உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சாகும் அயர்லாந்துக்காரர்களுக்கு 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். அந்த நன்றிக்கு அங்கே மிடில்டன் ஊரில் எஃகு இறகுகளால் ஒரு சிற்பம் நிற்கிறது. எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். மாமா குரல் தழுதழுப்பது அதைவிடப் பிடிக்கும். இந்தத் தடவை கதை சொல்லும்போது எதிரில் அந்த அக்கா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏனென்றால் அவர் வருகிறார். மறுபடியும் போய்ப் பேசினேன். முதலில் வரமாட்டேன் என்றார். அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அந்த நீலக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 1937இல் அரசாங்கம் ஆட்களை ஊர் ஊராக அனுப்பி, ஓக்லஹோமா மாநிலம் ஆவதற்கு முந்தைய இந்தியன் டெரிடரி காலத்து மனிதர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதியது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் அவை இருக்கின்றன. நாமும் அதில் தேடினோம், நம் கிளைப் பெயர்களை மட்டும் போட்டு. அதில் அந்த அட்டைப் பெண், எழுபத்தெட்டு வயதில், கல்யாணமான பெயரில் பேசியிருக்கிறாள். இரண்டு பக்கம் தட்டச்சு. நடுவில் ஒரு பத்தி: அப்பாவின் அம்மா கிழவியாகக் கடைசிவரை அந்த வீட்டில் இருந்தாள், ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது, மிசிசிப்பியில் நானிஹ் வையா மேட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவள், மேட்டின் மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள், என்னைத்தான் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வாள்.

பெயரும் இருக்கிறது. இக்சாவும் இருக்கிறது.

பதினோரு வருஷம் நாம் தேடிய பெயர், போன வருஷம் சோபா ஓரத்தில் ஒரு கைப்பைக்குக் கீழே ஆறு மணி நேரம் இருந்தது. அதை நான் இங்கே எழுத மாட்டேன். சொல்ல வேண்டியவர் அந்த அக்கா.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவரை நான் கூட்டி வருகிறேன். சின்ன அத்தை, மேசை பற்றாது, என் மடக்கு மேசையைக் காரில் வைத்திருக்கிறேன், மூன்றாவது பெட்டிக்குப் பக்கத்தில். பெரிய மாமா, ஆர்ம்ஸ்ட்ராங் நகலை முழுசாக எடுத்து வாருங்கள். நாத்தனாரே, அச்சுக்கடைக்காரர் வியாழக்கிழமை வரை கோப்பை மாற்றிக் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார், நான் கேட்டுவிட்டேன். ஏழு அடியாக்கினால் இன்னும் பதினெட்டு டாலர் ஆகும். அதை நான் தருகிறேன்.

உங்கள் வீட்டு மருமகள்